பீட்டில்: இரண்டாம் கியர் போட்டால் ரிவர்ஸ் விழுகிறது. ராடா, கப்ளரா, கியர்பாக்ஸா?

ஆமைவண்டு66 எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். எட்டு மாதம் முன்பு ஒரு 1966 ஃபோக்ஸ்வேகன் பீட்டில் வாங்கினேன். 1300 எஞ்சின். எஞ்சின், பிரேக் எல்லாம் ஓரளவு சரி. கியர்தான் தலைவலி. லீவர் சேற்றில் நட்ட குச்சி மாதிரி நாலாபக்கமும் ஆடுகிறது. முதல் கியர் விழும். இரண்டாவதைத் தேடினால் சில நேரம் கிடைக்கும், சில நேரம் லீவர் இன்னும் இடது பக்கம் போய் ‘கர்ர்ர்’ என்று பற்கள் அரைக்கும். அது ரிவர்ஸ் என்று புரிந்துகொள்ளவே ஒரு வாரம் ஆனது. இன்னொன்று, ஒரு குறிப்பிட்ட வேகத்தில் லீவரிலிருந்து ‘ஜிர்ர்’ என்று ஒரு சத்தம். கையை லீவர் மேல் வைத்தால் நின்றுவிடும்.

ஒரு மெக்கானிக்கிடம் காட்டினேன். கியர்பாக்ஸ் முடிந்துவிட்டது, இறக்கிப் பிரிக்க வேண்டும் என்றார். கேட்ட தொகையைக் கேட்டுத் திரும்பி வந்துவிட்டேன். அதற்கு முன் நானே பார்க்க ஏதாவது இருக்கிறதா?

---

கிழட்டுஸ்பேனர் எழுதியது:

தம்பி, கியர்பாக்ஸை இப்போது தொடாதீர்கள். நீங்கள் சொன்ன ‘கையை வைத்தால் நிற்கும் சத்தம்’ ஒன்றே பாதி விடை. லீவரின் அசைவைக் கியர்பாக்ஸுக்குக் கொண்டுபோகும் ஷிப்ட் ராடைத் தாங்கும் வளையமான புஷ் போய்விட்டால், ராடு டனலுக்குள் (காரின் தரை நடுவில் முன்பின்னாக ஓடும் கூடு) தந்தி மாதிரி அதிரும். கை வைத்தால் அதிர்வு அடங்கும்.

இந்தக் காரில் லீவர் முன்னால், கியர்பாக்ஸ் பின்னால். நடுவில் இருக்கும் டனலுக்குள் ஒரே ஒரு நீளமான ராடு ஓடுகிறது. லீவரின் அடியில் இருக்கும் உருண்டை, ராடின் முன்முனையில் உள்ள கிண்ணத்தில் உட்காரும். ராடைத் தாங்க டனலுக்குள் ஒரு பிளாஸ்டிக் புஷ். பின்முனையில், பின் சீட்டுக்கு அடியில், ராடைக் கியர்பாக்ஸோடு இணைக்கும் ஒரு கப்ளர். கப்ளரின் மறுபக்கம் கியர்பாக்ஸ் மூக்கிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் வளைந்த கம்பி. ஹாக்கி மட்டை போல இருப்பதால் ஹாக்கி ஸ்டிக் என்றே சொல்வோம். ராடைச் சுழற்றினால் எந்த வரிசை என்று தேர்வாகும், முன்பின் தள்ளினால் கியர் விழும். அவ்வளவுதான் சமாச்சாரம். இதில் நான்கு இடத்தில் தலா ஒரு மில்லிமீட்டர் தேய்ந்தால் போதும், லீவரின் தலையில் அது ஒரு சாணாகத் தெரியும்.

முதலில் ஒரு சோதனை. எஞ்சினை நிறுத்திவிட்டு எல்லாக் கியரையும் போட்டுப் பாருங்கள். பற்கள் நேருக்கு நேர் முட்டி நின்றால் காரைக் கொஞ்சம் உருட்டிவிட்டுத் திரும்பப் போடுங்கள். எஞ்சின் நின்றிருக்கும்போது சுகமாக விழுந்து, ஓடும்போது மட்டும் அடம் பிடித்தால் அது கிளட்ச். பெடல் தலையில் வெறும் ஆட்டம் 10 முதல் 20 மில்லிமீட்டர் இருக்க வேண்டும். கியர்பாக்ஸ் பக்கம் கிளட்ச் கேபிள் நுழையும் வளைகுழாய் 25 முதல் 45 மில்லிமீட்டர் தொய்ந்திருக்க வேண்டும். நிறுத்தினாலும் அதே கூத்து என்றால் லீவரிலிருந்து கியர்பாக்ஸ் மூக்கு வரை உள்ள வழியில்தான் கோளாறு.

---

சும்மாபார்ப்பவன் எழுதியது:

எதற்கு இவ்வளவு? குட்டை லீவர் கிட் ஒன்று கிடைக்கிறது. இரண்டு போல்ட், பத்து நிமிட வேலை. நான் போட்டேன், கியர் சிக்கென்று விழுகிறது.

---

கிழட்டுஸ்பேனர் எழுதியது:

லீவர் அசையும் தூரத்தைக் குறைத்தால் தேய்மானம் கண்ணுக்குத் தெரியாது, அவ்வளவுதான். தேய்ந்த கப்ளரின் மேல் அந்த கிட்டைப் போட்டால், கையின் பலம் அதிகமாகி அது இன்னும் சீக்கிரம் பிய்யும். எல்லாம் சரியான பிறகு ஆசைக்குப் போடுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை.

---

ஆமைவண்டு66 எழுதியது:

ஐயா, சொன்னபடி செய்தேன். எஞ்சினை நிறுத்தினாலும் அதே கதைதான். கிளட்ச் பெடலில் சுமார் 15 மில்லிமீட்டர் ஆட்டம் இருக்கிறது. ஆக, கிளட்ச் தப்பித்தது.

பின் சீட்டைத் தூக்கி, டனல் மேல் உள்ள சின்ன மூடியைக் கழற்றினேன். தங்கையை முன்னால் உட்காரவைத்து லீவரை ஆட்டச் சொல்லிவிட்டு, டார்ச்சோடு குனிந்து பார்த்தேன். அவள் லீவரை முழுதாக இடப்பக்கம் தள்ளியும் ஹாக்கி ஸ்டிக் அசையவே இல்லை. கப்ளர் மட்டும் திருகிக்கொண்டது. அதன் ரப்பரை நகத்தால் தொட்டேன், காய்ந்த மண் மாதிரி உதிர்ந்தது.

முன்பக்கம் லீவரைப் பிடிக்கும் இரண்டு 13 எம்எம் போல்ட்டையும் கழற்றி உள்ளே விரலை விட்டேன். ராடை ஒரு விரல் அகலம் மேலே தூக்க முடிகிறது. புஷ்ஷைக் காணோம். அது உட்கார வேண்டிய தாங்கி மட்டும் வெறும் வட்டமாக நிற்கிறது.

---

ராத்திரி_மெக்கானிக் எழுதியது:

நல்ல வேலை. கப்ளர் எப்படியும் மாற வேண்டியதுதான். கழற்றியதும் சும்மா இருக்காதீர்கள், கியர்பாக்ஸைச் சோதிக்க இதைவிட நல்ல சந்தர்ப்பம் வராது. ஹாக்கி ஸ்டிக்கைக் கையாலேயே திருகி, தள்ளி, இழுத்து நான்கு கியரும் ரிவர்ஸும் போட்டுப் பாருங்கள். ஒருவர் பின் சக்கரத்தை மெல்ல உருட்டிக்கொண்டிருக்கட்டும். கையால் போடும்போது எல்லாம் சுத்தமாக விழுந்தால், கியர்பாக்ஸின் உள்ளே தேர்வு செய்யும் பாகங்களில் பெரிய குறை இல்லை.

அதே ஹாக்கி ஸ்டிக்கை மேலும் கீழும் ஆட்டியும் பாருங்கள். நிறைய ஆடினால் கியர்பாக்ஸ் மூக்கில் உள்ள புஷ் தேய்ந்திருக்கிறது. அங்கே ஆயில் கசிந்தும் இருக்கும். அதை மாற்றப் பொதுவாக கியர்பாக்ஸை இறக்கித்தான் ஆக வேண்டும், அதனால் முதலிலேயே தெரிந்துகொள்வது நல்லது. கியர்பாக்ஸின் முன் ரப்பர் மவுண்ட்டையும் ஒரு கம்பியால் நெம்பிப் பாருங்கள். மவுண்ட் கிழிந்திருந்தால் ஆக்சிலரேட்டரை மிதிக்கும்போது கியர்பாக்ஸே நகர்ந்து கியர் கழன்றுகொள்ளும். ராடைக் குறை சொல்லிப் பயனில்லை.

ஒரு எச்சரிக்கை. பேட்டரியும் அதே பின் சீட்டுக்கு அடியில்தான். முதலில் அதன் இணைப்பைக் கழற்றுங்கள். திரும்பச் சீட்டைப் போடும்போது பேட்டரி மேல் மூடி இருக்க வேண்டும். சீட்டின் ஸ்பிரிங் பேட்டரி முனையில் பட்டு, உட்கார்ந்தவுடன் புகை கிளம்பிய பீட்டில்கள் எத்தனையோ உண்டு.

---

ஆமைவண்டு66 எழுதியது:

அண்ணா, ஐந்தும் டக் டக்கென்று விழுந்தன. அந்தச் சத்தத்தைக் கேட்டபோது வந்த நிம்மதியை எழுதத் தெரியவில்லை. மூக்கில் லேசான ஈரம் உண்டு, ஆட்டம் இல்லை. மவுண்ட் கெட்டியாக இருக்கிறது.

ஆனால் புதிதாக ஒன்று கண்ணில் பட்டது. ராடின் முன்முனையில் உள்ள கிண்ணத்தின் வெல்டிங்கில் ஒரு பக்கம் விரிசல். கிண்ணத்தை அசைத்தால் விரிசல் வாய் திறந்து மூடுகிறது. அப்புறம், லீவருக்கு அடியில் ஒரு தகடு வந்தது. எந்தப் பக்கம் மேலே இருந்தது என்று கவனிக்காமல் எடுத்துவிட்டேன்.

---

பழையஇரும்பு எழுதியது:

அந்தத் தகட்டைப் பற்றி என் கதையைச் சொல்லியே ஆக வேண்டும்.

பீட்டிலில் ரிவர்ஸ் இருப்பது இரண்டாம் கியருக்குப் பக்கத்திலேயே. லீவரைக் கீழே அமுக்கி, இடது பக்கம் தள்ளி, பின்னால் இழுக்க வேண்டும். அமுக்காமல் அங்கே போகவிடாமல் தடுப்பதுதான் அந்த ஸ்டாப் பிளேட். முதல் தடவை நான் லீவரைக் கழற்றிச் சுத்தம் செய்து பூட்டியபோது பிளேட்டை அப்படியே தலைகீழாகப் போட்டுவிட்டேன். பெயிண்ட் அடித்து, கிரீஸ் வைத்து, பார்க்க அழகாகவே இருந்தது. சாலைக்குப் போனேன். முன்னால் போன வண்டி பிரேக் போட்டது, மூன்றிலிருந்து இரண்டுக்கு இறக்கினேன். காருக்குள் யாரோ ஆணி மூட்டையைக் கொட்டியது மாதிரி ஒரு சத்தம். பக்கத்தில் உட்கார்ந்திருந்த மாமனார் அன்றைக்குப் பிறகு என் காரில் ஏறவே இல்லை.

தம்பி, பிளேட்டின் ஒரு ஓரம் மேலே மடிந்திருக்கும். லீவர் கழன்றிருக்கும்போதே ஒன்றை யோசியுங்கள். லீவரின் தலை இடப்பக்கம் போனால் அடிமுனை வலப்பக்கம் போகும். ஆகவே ரிவர்ஸைத் தடுக்கும் மடிப்பு வலப்பக்கத்தில் இருக்க வேண்டும். அது தேய்ந்து மழுங்கியிருந்தாலும் உங்களுக்கு வந்த அதே கோளாறு வரும். விளிம்பைத் தடவிப் பாருங்கள்.

---

ஆமைவண்டு66 எழுதியது:

சார், சிரித்து முடியவில்லை. தடவிப் பார்த்தேன், விளிம்பில் ஒரு பள்ளமே விழுந்திருக்கிறது. அதையும் பட்டியலில் சேர்த்துவிட்டேன். இப்போது வாங்க வேண்டியவை: புஷ், கப்ளர், ஸ்டாப் பிளேட், அப்புறம் கிண்ணம் உடைந்த ராடு. எதில் எதை நம்பி வாங்கலாம்?

---

தேன்மொழி_கே எழுதியது:

புஷ் சின்ன சாமான்தான், ஆனால் எல்லாமே அதில்தான் நிற்கிறது. புதிதாகச் செய்து விற்பவற்றில் சில துளை குறுகி, ராடு இறுகி நகரும். சில லொடலொட. வாங்கியதும் காரில் போடும் முன் ராடின் சுத்தமான பகுதியில் நுழைத்துப் பாருங்கள். இரண்டு விரலால் தள்ளினால் வழுக்கிப் போக வேண்டும், பக்கவாட்டில் ஆடக் கூடாது.

கிடைக்காவிட்டால் செய்துகொள்ளலாம். நான் முதலில் முப்பரிமாண அச்சில் பிஎல்ஏ பிளாஸ்டிக்கில் அச்சிட்டேன். அது சுமார் 60 டிகிரியிலேயே இளகும். வெயிலில் கதவடைத்து நின்ற காரில் இரண்டே மாதத்தில் முட்டை வடிவமாகிவிட்டது. பிறகு அசிட்டால் என்ற கெட்டிப் பிளாஸ்டிக் உருளையை லேத்தில் கடைந்து போட்டேன். ஐந்து வருடமாக ஓடுகிறது. நைலானிலும் கடையலாம். ஆனால் நைலான் ஈரத்தை உறிஞ்சிக் கொஞ்சம் ஊதும், அதற்கு இடம் விட வேண்டும்.

---

ராத்திரி_மெக்கானிக் எழுதியது:

புஷ்ஷை நீளவாக்கில் ஒரு கீறு கீறி, ராடை வெளியே எடுக்காமலேயே அதன் மேல் கவ்வவிட்டுத் தாங்கிக்குள் தள்ளிவிடலாம். அரை மணி நேர வேலை. நான் நிறைய கார்களில் செய்திருக்கிறேன்.

---

தேன்மொழி_கே எழுதியது:

அண்ணா, செய்யலாம்தான். ஆனால் கீறிய புஷ் கீறலிலிருந்தே தேயத் தொடங்கும் என்பது என் அனுபவம். எப்படியும் இவருடைய ராடு கிண்ணம் உடைந்து வெளியே வரத்தான் போகிறது. அப்புறம் ஏன் கீற வேண்டும்?

---

ராத்திரி_மெக்கானிக் எழுதியது:

அது சரி. இவர் விஷயத்தில் ஒத்துக்கொள்கிறேன்.

கப்ளர் பற்றி: ரப்பர் வைத்தது, கெட்டியான யூரித்தேன் வைத்தது என்று இரண்டு வகை கிடைக்கும். யூரித்தேனில் கியர் துல்லியமாக விழும், கூடவே கியர்பாக்ஸின் முனகல் முழுவதும் லீவர் வழியாகக் கைக்கு வரும். தினமும் ஓட்டும் காருக்கு நான் ரப்பரைத்தான் சொல்வேன். எதை வாங்கினாலும் பூட்டும் ஸ்க்ரூவின் முனையைப் பாருங்கள். அந்தச் சதுரத் தலை ஸ்க்ரூவின் கூம்பு முனை, கம்பியில் உள்ள பள்ளத்தில் சரியாக இறங்க வேண்டும். பள்ளத்துக்குப் பக்கத்தில் இறங்கினாலும் இறுக்கமாகத்தான் இருக்கும், நூறு கிலோமீட்டர் ஓடும் வரை.

---

ஆமைவண்டு66 எழுதியது (பன்னிரண்டு நாள் கழித்து):

ஒரு கெட்ட செய்தி, ஒரு வேடிக்கை.

வேடிக்கை முதலில். பழைய கார் ஒன்றைப் பிரித்து விற்பவரிடம் ‘1966 ராடு’ சொல்லியிருந்தேன். பார்சல் வந்தது. பெட்டி ரொம்பச் சின்னது. பிரித்தால் ராடு இரண்டு துண்டு. பெட்டிக்குள் அடங்கவில்லை என்று ரம்பத்தால் அறுத்து, இரண்டையும் செய்தித்தாளில் பத்திரமாகச் சுற்றி அனுப்பியிருக்கிறார். பத்திரமாக!

பணம் திரும்பி வந்தது. வேறொருவரிடம் முழு ராடு வாங்கினேன். இதற்குள் என் பழைய ராடை வெளியே எடுக்கலாம் என்று இறங்கினேன். அது முன்பக்கமாகத்தான் வரும் என்று இங்கே படித்திருந்தேன். காரின் மூக்கில் உள்ள சிறு மூடி, அதற்குப் பின்னால் ஃபிரேம் தலையில் (அடித்தளத்தின் முன்முனை) உள்ள மூடி, இரண்டையும் கழற்றினேன். ராடை முன்னால் தள்ளினால் ஒரு முழம் வந்து நின்றுவிட்டது. ஏன் என்று பார்த்தால், சுவர். காரை மூக்கு சுவரைப் பார்க்க நிறுத்தியிருக்கிறேன். லீவர் இல்லாத காரை நானும் தங்கையும் தள்ளித் திருப்பி நிறுத்தினோம்.

இப்போது கெட்ட செய்தி. பழைய ராடையும் புதிய ராடையும் தரையில் அருகருகே வைத்தேன். புதியது கிட்டத்தட்ட நாலு விரல் நீளம் அதிகம். என் கார் 1966, ராடும் 1966. எங்கே தப்பு?

---

கிழட்டுஸ்பேனர் எழுதியது:

தம்பி, ஒரு வேலை செய்யுங்கள். பின் சீட்டுக்கு அடியில், டனலின் மேலேயே, சேஸிஸ் நம்பர் குத்தியிருக்கும். அழுக்கைத் துடைத்துவிட்டுப் படியுங்கள். முழு எண்ணை இங்கே போட வேண்டாம், முதல் மூன்று இலக்கம் போதும். முன் டிக்கிக்குள் உள்ள தகட்டில் இருப்பதையும் பார்த்துச் சொல்லுங்கள்.

---

ஆமைவண்டு66 எழுதியது:

தகட்டில் 116. டனலில் 119.

---

கிழட்டுஸ்பேனர் எழுதியது:

நினைத்தேன்.

1965 மாடலிலிருந்து இந்த எண்ணின் மூன்றாம் இலக்கம்தான் மாடல் வருடம். 116 என்றால் 1966, 119 என்றால் 1969. மாடல் வருடம் ஆகஸ்டில் தொடங்கும் என்பதையும் நினைவில் வையுங்கள். 1965 செப்டம்பரில் வெளிவந்த கார் 1966 மாடல்தான். யாரோ எப்போதோ துருப்பிடித்த அடித்தளத்தைத் தூக்கிப் போட்டுவிட்டு, உங்கள் 1966 உடலை 1969 தளத்தின் மேல் உட்காரவைத்திருக்கிறார்கள். பீட்டிலில் உடலும் தளமும் போல்ட்டால் இணைந்தவை, அதனால் இது நடக்கிற காரியம்தான். 1968 மாடலில் கியர் லீவர் கொஞ்சம் பின்னால் நகர்ந்தது. லீவர் பின்னால் வந்தால் ராடு குட்டையாகும். உங்கள் பழைய ராடு தளத்துக்குச் சரியானதுதான். நீங்கள் காரின் முகத்தைப் பார்த்து வாங்கிவிட்டீர்கள்.

இனிமேல் டனலுக்குள் போகும் எதையும், அதாவது ராடு, கேபிள், கைபிரேக் கம்பி எல்லாவற்றையும், 1969 என்று சொல்லித் தேடுங்கள். கண்ணாடி, கதவு, பம்பர் 1966.

உதிரி பாகத்தில் அச்சடித்த எண்ணையும் படிக்கப் பழகுங்கள். மூன்று மூன்றாக ஒன்பது இலக்கம் இருக்கும். முதல் மூன்று, எந்த மாடலுக்காக அந்தப் பாகம் முதலில் வடிவமைக்கப்பட்டது என்பது. நடு மூன்று, எந்தப் பிரிவு. கியர் மாற்றும் பாகங்களுக்கு 711 என்று வரும். கடைசியில் ஓர் ஆங்கில எழுத்து இருந்தால் அது திருத்தப்பட்ட வடிவம். முதல் மூன்று உங்கள் கார் இல்லையே என்று ஒதுக்கிவிடாதீர்கள். ஒரே பாகம் பல மாடலில் போகும். கார்மன் கியா என்ற இன்னொரு ஃபோக்ஸ்வேகன் கார் நின்றதும் இதே அடிப்படையில்தான், ஆகவே அந்தக் காரைப் பிரிப்பவரிடமும் கேட்டுப் பாருங்கள்.

இரண்டு எண் ஒத்துப்போகாத காருக்கு உங்கள் ஊர் விதி என்ன சொல்கிறது என்பதையும் விசாரித்துக்கொள்ளுங்கள். பதிவுப் பத்திரத்தில் எந்த எண் இருக்கிறது என்று இன்றே பாருங்கள். அது வேறு கதை, இங்கே வேண்டாம்.

---

சும்மாபார்ப்பவன் எழுதியது:

அப்படியானால் நீள ராடை நாலு விரல் அறுத்து ஒட்டிவிட்டால் தீர்ந்தது. அப்படியே புஷ் தாங்கியும் லொடலொட என்றால் டனலுக்குள் இரண்டு பொட்டு வெல்டிங் வைத்துவிடுங்கள்.

---

கிழட்டுஸ்பேனர் எழுதியது:

இதைப் படிக்கும் யாரும் அந்த இரண்டாவது யோசனையைச் செய்துவிடாதீர்கள். பெட்ரோல் குழாய் அந்த டனலுக்குள்ளேதான் ஓடுகிறது. டேங்க் முன்னால், எஞ்சின் பின்னால், குழாய் நடுவில். டனலில் வெல்டிங் மட்டுமில்லை, நீளமான ஸ்க்ரூ ஒன்றைத் துளைத்து இறக்கினாலே குழாய் ஓட்டையாகும். டனலில் நெருப்பு வேலை என்றால் பெட்ரோலை வடித்து, குழாயையே அகற்றி, ஆவியையும் முழுதாக வெளியேற்றிய பிறகுதான். அதுவும் அந்த வேலை தெரிந்தவர் கையால்.

---

தேன்மொழி_கே எழுதியது:

ராடை அறுத்து ஒட்டுவது செய்யக்கூடியதுதான், காருக்கு வெளியே என்றால். அறுக்கும் முன் ராடின் நீளத்துக்கும் ஒரு நேர்க்கோடு கீற வேண்டும். முன்முனைக் கிண்ணமும் பின்முனைப் பள்ளமும் ஒன்றுக்கொன்று எந்தக் கோணத்தில் இருக்கின்றன என்பது அந்தக் கோட்டில்தான் இருக்கிறது. ஐந்து டிகிரி திருகி ஒட்டினால் லீவர் சாய்ந்தே நிற்கும். உள்ளே இறுக்கமான ஒரு குழாயைச் செருகி, அதன் மேல் ஒட்ட வேண்டும்.

ஆனால் தம்பி, உங்கள் கையில் சரியான நீளத்தில், சரியான கோணத்தில் ஒரு ராடு ஏற்கெனவே இருக்கிறதே. கிண்ணத்தின் வெல்டிங் மட்டும்தானே விரிசல்? அதைச் சுத்தமாகத் தேய்த்து, விரிசலை அடிவரை கீறி, மறுபடி வெல்டிங் வைக்கச் சொல்லுங்கள். வைக்கும் முன் கிண்ணத்தின் உள்பக்கம் முட்டை வடிவமாகத் தேய்ந்திருக்கிறதா என்று லீவரின் உருண்டையை வைத்தே பார்த்துக்கொள்ளுங்கள். ராடு நேராக இருக்கிறதா என்று ஒரு கண்ணாடி மேசையில் உருட்டுங்கள். அடியில் வெளிச்சம் மாறி மாறித் தெரிந்தால் வளைவு.

---

ஆமைவண்டு66 எழுதியது (ஒரு வாரம் கழித்து):

அக்கா சொன்னபடியே செய்தேன். கிண்ணம் வட்டமாகவே இருந்தது. வெல்டர் ராடைப் புரட்டிப் புரட்டிப் பார்த்துவிட்டு, ‘இதற்கா இவ்வளவு தூரம் வந்தீர்கள்’ என்பது போல ஒரு பார்வை பார்த்தார். ஐந்து நிமிடத்தில் முடித்தார். நீள ராடு பரணுக்குப் போய்விட்டது.

புஷ் போட்டதுதான் இந்த வேலையிலேயே கொடுமை. லீவர் துளைக்குள் ஒரு கை மட்டும்தான் நுழையும், கண்ணுக்கு எதுவும் தெரியாது. புஷ்ஷின் மேல் ஒரு கம்பி வளையம் உண்டு. அது தாங்கியில் கவ்விப் பிடிக்க வேண்டும். முதல் தடவை வளையம் விரலிலிருந்து நழுவி டனலுக்குள் ‘கிளிங்’ என்று போய்விட்டது. நல்ல வேளை, வாங்கியது இரண்டு செட். இரண்டாவது புஷ்ஷைக் கொதித்து இறக்கிய தண்ணீரில் ஐந்து நிமிடம் போட்டு எடுத்தேன். பிளாஸ்டிக் இளகியிருந்தது, வளையத்தையும் ஒரு நூலில் கட்டிக்கொண்டேன். இந்த முறை உட்கார்ந்தது. பிறகு நூலை வெட்டி உருவிவிட்டேன். ராடு முழுவதும் கிரீஸ் தடவி முன்பக்கத்திலிருந்து நுழைத்தேன். புஷ்ஷுக்குள் அதன் முனை நுழையும்போது தங்கை லீவர் துளை வழியாக விரலால் வழி காட்டினாள்.

கப்ளர் ரப்பர் வகைதான். சதுரத் தலை ஸ்க்ரூ பள்ளத்தில் இறங்குவதை உறுதி செய்ய, முதலில் விரலாலேயே முழுதாகத் திருகினேன். பள்ளத்தில் இருந்தால் இன்னும் ஒரு சுற்று உள்ளே போகிறது, வித்தியாசம் கையில் தெரிகிறது.

இப்போது லீவரை எப்படிச் சரி செய்வது?

---

ராத்திரி_மெக்கானிக் எழுதியது:

ஸ்க்ரூ தலையில் உள்ள ஓட்டையில் பூட்டுக்கம்பி கட்டினீர்களா? கட்டாவிட்டால் முதலில் அதைச் செய்யுங்கள். ஸ்க்ரூ தளரும் திசைக்கு எதிராகக் கம்பி இழுக்க வேண்டும். எனக்கு ஒரு முறை கம்பி கட்ட மறந்து, மூன்றாம் கியரிலேயே மாட்டிக்கொண்டு, பத்து கிலோமீட்டர் கிளட்ச்சை வறுத்துக்கொண்டு வீடு வந்தேன்.

லீவர் எளிது. அடிமுனை உருண்டைக்கும் கிண்ணத்துக்கும் தாராளமாக கிரீஸ். ஸ்டாப் பிளேட், அதன் மேல் லீவர், இரண்டு போல்ட்டையும் பாதி இறுக்கத்தில் விடுங்கள். இரண்டாம் கியரைப் போட்டு, லீவரின் அடித்தட்டை முன்பின் நகர்த்தி, லீவர் இயல்பாக நிற்கும் இடத்தில் போல்ட்டை இறுக்குங்கள். எஞ்சின் நின்றிருக்கவே எல்லாக் கியரையும் போட்டுப் பாருங்கள். ரிவர்ஸ், அமுக்கினால் மட்டும் விழ வேண்டும், அமுக்காமல் எவ்வளவு தள்ளினாலும் விழக் கூடாது. விழுந்தால் போல்ட்டைத் தளர்த்தி பிளேட்டை ஒரு மயிரிழை நகர்த்தித் திரும்பப் பாருங்கள். மூன்று நான்கு தடவை ஆகும், அலுத்துக்கொள்ளாதீர்கள்.

---

ஆமைவண்டு66 எழுதியது:

ஐந்தாவது தடவையில் சரியானது. கம்பியும் கட்டிவிட்டேன் அண்ணா.

நேற்று மாலை ஓட்டிப் பார்த்தேன். இரண்டாம் கியர் கை போன இடத்தில் இருக்கிறது. மூன்றிலிருந்து இரண்டுக்கு இருபது தடவையாவது இறக்கியிருப்பேன், ஒரு முறைகூட ரிவர்ஸ் பக்கம் போகவில்லை. லீவர் ஜிர்ர் சத்தம் போய்விட்டது.

ஆனால் வேறொரு சத்தம் வந்திருக்கிறது. பள்ளத்தில் இறங்கினால் டனலுக்குள் ‘கிண் கிண்’.

---

பழையஇரும்பு எழுதியது:

அது நீங்கள் தவறவிட்ட வளையம்தான் தம்பி. காந்தம் வைத்த நீட்டுக்கம்பி ஒன்றை லீவர் துளை வழியாகவும் பின்னால் கப்ளர் மூடி வழியாகவும் விட்டுத் துழாவுங்கள். கேபிள் குழாய்களில் இடித்துவிடாமல் மெதுவாக.

---

ஆமைவண்டு66 எழுதியது:

துழாவினேன் சார். முன்பக்கத்தில் என் வளையம் கிடைத்தது, புதுசு, பளபளவென்று. பின்பக்கம் விட்டால் காந்தத்தில் இன்னும் இரண்டு ஒட்டிக்கொண்டு வந்தன. ஒன்று கறுத்துப் போனது, ஒன்று துருவே உருவான ஒன்று. அதோடு பிளாஸ்டிக் புஷ்ஷின் பாதித் துண்டும்.

ஆக, எனக்கு முன்னால் இரண்டு பேர் இதே துளைக்குள் கையை விட்டுத் திட்டியிருக்கிறார்கள். மூன்றையும் ஒரு டப்பாவில் போட்டு, பின் சீட்டுக்கு அடியிலேயே வைத்துவிட்டேன்.